ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) அதிகம் என்கிறார்களே, அவர்களுக்குச் சிகிச்சை மட்டும் ஏன் குறைவாகக் கிடைக்கிறது?

இரண்டும் உண்மைதான். ஏடிஎச்டியில் மரபணுக்களின் பங்கு பெரிது. வளர்ப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆனால் குறைப்பிரசவம், குறைந்த பிறப்பு எடை, ஈய நச்சு ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. இவை வறுமையில் அதிகம்.

ஏடிஎச்டியைக் கண்டறிய, கவனக்குறைவுக்கு 9, மிகை இயக்கத்துக்கும் யோசிக்காமல் செயல்படுவதற்கும் சேர்த்து 9 என அறிகுறிகள் உண்டு. ஏதேனும் ஒரு பிரிவில் குறைந்தது 6 அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். சில 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். சிக்கல் இங்கேதான். நெரிசலான வகுப்பில் ஆசிரியரின் கவனிப்பு கிடைப்பது அரிது. ஓடியாடும் பையன் 'அடங்காதவன்' ஆகிறான். கனவில் ஆழ்ந்திருக்கும் சிறுமியை யாரும் கவனிப்பதே இல்லை. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு, அதே அறிகுறிகள் இருந்தும், கண்டறிதல் குறைவு என ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருந்து எழுதியதோடு வேலை முடியாது. குறைந்த அளவில் தொடங்கி, பசி, தூக்கம், ரத்த அழுத்தம், எடை பார்த்துப் படிப்படியாக உயர்த்த வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் ஒருநாள் கூலி போகும் வீட்டில், இரண்டாம் மாதமே மருந்து நின்றுவிடும். அதை அலட்சியம் என்பது அநியாயம்.

பெற்றோர் செய்யக்கூடியது: வாண்டர்பில்ட் படிவம் (ஏடிஎச்டி அறிகுறிகளைக் குறிக்கும் கேள்வித்தாள்) இலவசம். ஆசிரியரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று நிரப்பி முதல் சந்திப்புக்கே கொண்டுபோங்கள். ஒரு பயணமாவது மிச்சமாகும். கேட்கும் திறன், பார்வை, தூக்கம், இரும்புச்சத்து ஆகியவற்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஆறு வயதுக்குள் என்றால் மருந்துக்கு முன், குழந்தையின் நடத்தையைக் கையாளக் கற்றுத்தரும் பெற்றோர் பயிற்சியைக் கேளுங்கள்.