தேங்காண்ணெய் உறையுது, என் தொப்பை மட்டும் ஏன் உறையல?

கேள்வி: எனக்கு 38 வயசு, கோத்தகிரி பக்கம் எஸ்டேட் ஆபீஸ்ல வேலை. ரெண்டும் சிசேரியன். அதுல இருந்து அடிவயிறு தொங்குது, எவ்வளவு நடந்தாலும் குறையல. கோயம்புத்தூர்ல ஒரு கிளினிக்ல கொழுப்ப உறைய வெச்சே கரைக்கிறாங்களாம், கத்தியும் கிடையாது மயக்க ஊசியும் கிடையாது, காலைல இறங்கிப் போனா சாயங்கால பஸ்ல மேல வந்துடலாம்ங்கறாங்க. வீட்டுக்காரர் "இந்த ஊர் குளிர்லயே உறையாத கொழுப்பு கீழ போயா உறையப்போகுது"ன்னு கிண்டல் பண்றார். மார்கழி தைல பைப் தண்ணியத் தொட்டா விரல் நுனி வெள்ளையாப் போய் மரத்துடும், மத்தபடி எனக்கு ஒரு நோயும் இல்ல. செஞ்சுக்கலாமா?

பதில்: உங்க வீட்டுக்காரர் கேட்டது நல்ல கேள்விம்மா, மொதல்ல அதுக்கே வர்றேன். உங்க வீட்ல தேங்காண்ணெய் பாட்டில் கட்டியாகி அடுப்புப் பக்கம் வெச்சு உருக்குவீங்கல்ல, ஆனா பக்கத்துல சொம்புல இருக்கிற தண்ணி தண்ணியாவேதான் இருக்கும். இந்த சிகிச்சையோட சூட்சுமமே அதான். தோல், தசையில எல்லாம் தண்ணி ஜாஸ்தி, கொழுப்பு செல்லு அதுக்கு முன்னாடியே கட்டிப் போயிடும். ஊட்டி பக்கம் தலைகுந்தால புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி படிஞ்சு கிடந்தாலும் உங்க உடம்பு உள்ள 37 டிகிரிலதான் இருக்கு, சூடான ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கிறதால கொழுப்பு உறையாது. மெஷின் என்ன பண்ணுதுன்னா வயித்து மடிப்ப ஒரு கப்புக்குள்ள உறிஞ்சி அழுத்திப் பிடிச்சு, அங்க ரத்த ஓட்டத்தையும் குறைச்சு, பூஜ்யத்துக்குக் கீழ பத்து டிகிரி வாக்குல அரைமணி முக்காமணி குளிரூட்டுது. அடிபட்ட செல்லு உடனே கரையாது, மெல்லச் செத்து, உடம்பே அதைத் தின்னு அப்புறப்படுத்த ரெண்டு மூணு மாசம் ஆகும்.

குச்சி ஐஸ வாயில அடக்கி வெச்ச குழந்தைங்களுக்கு கன்னத்துல கொழுப்பு வீங்கிக் குறைஞ்சத டாக்டருங்க முன்னாடியே எழுதி வெச்சிருந்தாங்க, அந்த நூலப் பிடிச்சு பாஸ்டன் டாக்டருங்க உருவாக்கின முறை இது. அமெரிக்காவுல 2010-ல இடுப்புப் பக்கத்துக்கும் 2012-ல வயித்துக்கும் அனுமதி குடுத்தாங்க. அதனால ஏமாத்து வேலைன்னு ஒதுக்க முடியாது. ஆனா பிடிச்ச மடிப்புல அஞ்சுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா நாலுல ஒரு பங்குதான் குறையும், எடை மெஷின்ல ஒண்ணும் தெரியாது, குடலைச் சுத்தி உள்ள இருக்கிற கொழுப்ப இது தொடவே தொடாது. சுகருக்கும் பிரஷருக்கும் காரணமாகறது அந்த உள்கொழுப்புதான்.

செஞ்ச இடம் செவந்து கன்னிப்போகும், வீங்கும், சில பேருக்கு சுருக் சுருக்குன்னு குத்தும், மரமரப்பு சில வாரம் இருக்கும். இந்த மரமரப்பை சாதாரணமா நினைக்காதீங்க, நம்ம ஊர்ல ராத்திரி வெந்நீர்ப் பையோட படுக்கிறவங்கதான் ஜாஸ்தி, உணர்ச்சியில்லாத தோல்ல அத வெச்சா சுட்டது காலைலதான் தெரியும். அபூர்வமா இன்னொண்ணு நடக்கும், குறைய வேண்டிய கொழுப்பு சில மாசத்துல கெட்டியாகி, கப் வெச்ச வடிவத்துலயே புடைச்சு நிக்கும். அது தானா போகாது, கொழுப்ப உறிஞ்சி எடுக்கிற லைப்போசக்‌ஷன் மாதிரி ஆபரேஷன்தான், அதாவது எந்தக் கத்திக்குப் பயந்து போனோமோ அதே கத்தி. லிண்டா எவாஞ்சலிஸ்டான்னு உலகப் புகழ் மாடல், 2021-ல தனக்கு இப்படி ஆயிடுச்சு, ரெண்டு ஆபரேஷன் பண்ணியும் சரியாகலன்னு வெளிப்படையா எழுதினாங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். விரல் வெளுக்குதுன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டு "மத்தபடி நோயில்ல"ன்னு தாண்டிட்டீங்க பாருங்க, எனக்கு உங்க தொப்பைய விட அந்த வரிதான் உறுத்துது. குளிர்ல விரல் வெளுத்து, நீலமாகி, அப்புறம் செவக்கிறதுக்கு ரேனாட்னு பேரு. பொம்பளைங்களுக்கு சகஜம்தான், பெரும்பாலும் ஆபத்தில்ல, ஆனா சில சமயம் லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா மாதிரி, எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்பைத் தாக்கற நோயோட மொத அறிகுறியா இருக்கும். குளிர் பட்டா ரத்தத்துல புரதம் கெட்டியாகறது, சிவப்பணு உடையறதுன்னும் சில நோய் இருக்கு, அவங்களுக்கு இந்த சிகிச்சை கூடவே கூடாது. அது ரத்தப் பரிசோதனைலதான் தெரியும். கிளினிக்ல இதையெல்லாம் கேக்காம நேரா பேக்கேஜ் விலையச் சொன்னா எழுந்து வந்துடுங்க.

இன்னொண்ணு, ரெண்டு சிசேரியனுக்கு அப்புறம் தொங்கறது முழுக்க கொழுப்பாத்தான் இருக்கணும்னு இல்ல. மல்லாக்கப் படுத்து தலைய மட்டும் தூக்கிப் பாருங்க, நடு வயித்துல மேடு மாதிரி எழும்பினா தசை விலகியிருக்கலாம், தையல் பக்கம் புடைச்சா ஹெர்னியாவா, அதாவது குடலிறக்கமா இருக்கலாம். விலகின தசைய எவ்வளவு உறைய வெச்சாலும் சேராது, ஹெர்னியா இருக்கிற இடத்துல அந்தக் கப்ப வைக்கவே கூடாது. அதனால மொதல்ல பொது மருத்துவர், அப்புறம் சர்ஜன், கோயம்புத்தூர் பஸ்ஸு அதுக்கப்புறம்தான்.

கேள்வி: ஃப்ரீசர் ஐஸ் பேக்க வயித்துல கட்டிக்கிட்டாலே போதும்னு வீடியோல சொல்றாங்க, நிஜமா? (வாசகி, குன்னூர்)

பதில்: கட்டாதீங்க. மெஷின்ல தோலைக் காப்பாத்த ஜெல் துணி இருக்கு, குளிர அளந்து நிறுத்த சென்சார் இருக்கு. உங்க ஐஸ் பேக்குல ரெண்டும் இல்ல, கொழுப்பு அப்படியே இருக்க தோல்தான் வெந்து கொப்பளிக்கும்.