ஆம்பளையாக மாற வேண்டுமா?

கேள்வி: மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த நான், இப்போது செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறேன். என் மனம் ஆண்களையே நாடுகிறது. மாலையில் நண்பர்களோடு பந்து விளையாடுகிறேன். கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கிறேன். அவர்கள் யாரையாவது ‘பொண்டான்’ (பெண் தன்மை கொண்டவன்) என்று கேலி செய்தால், என் மீது சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்து நானும் சிரிக்கிறேன். இன்னும் ‘ஆம்பளையாக’ மாற முயல வேண்டுமா? நெருங்கிய நண்பனிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லலாமா?

பதில்: அன்புள்ள தம்பி, உங்களிடம் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. தன்பாலீர்ப்பை உலகச் சுகாதார நிறுவனம் 1990-இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே குணப்படுத்துகிறேன் என்று யார் வந்தாலும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் ஆடும் பந்தும் அடிக்கும் உறுமியும் வேடம் என்று நினைப்பதுதான் என்னை வருத்துகிறது. அவை உங்களுக்குப் பிடித்தவை, உங்கள் கை பழகியவை. பெண்களை விரும்பும் ஆண்களுக்கு மட்டும் யாரும் அவற்றை எழுதிக் கொடுக்கவில்லை. ரப்பர் காலத்தில் விடியுமுன் நெற்றி விளக்கோடு பாலுக்காக ரப்பர் மரம் சீவப் போய், பால் வாளி சுமந்து வந்த நம் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். உடல் உழைப்பும் துணிவும் நம் தோட்டங்களில் ஒருநாளும் ஆண்களின் தனிச்சொத்தாக இருந்ததில்லை.

உங்களுக்கு உரியதல்லாதது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதை நிறுத்த நீங்கள் எதையும் வெளிப்படுத்த வேண்டியதில்லை. “அவனை விடுங்கடா” என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் போதும். திடலோரம் உட்கார்ந்திருக்கும் சிறுவர்களில் உங்களைப் போன்ற ஒருவன் இருக்கக்கூடும். அவன் காதிலும் அது விழட்டும்.

நண்பரிடம் சொல்வதில் அவசரம் வேண்டாம். கேலிக்கு ஆளானவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி உங்கள் நண்பர் எப்படிப் பேசுகிறார், பிறர் நம்பிச் சொன்னதை வெளியே விடுகிறாரா என்று சில காலம் கவனியுங்கள். உங்கள் வேலையோ, வேலையோடு வந்த குடியிருப்போ அவருடைய குடும்பத்தாரின் கையில் இருந்தால், வேறு பிடிமானம் கிடைக்கும் வரை பொறுத்திருங்கள். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆ (377B) பிரிவு 20 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. அது உடலுறவைப் பற்றியதே தவிர, மனத்தின் நாட்டத்தையோ அதை நண்பரிடம் சொல்வதையோ குற்றமாக்கவில்லை. ஆனாலும் வாட்ஸ்அப்பில் எழுதாமல் நேரில் சொல்லுங்கள். எழுதியது எந்தக் கைக்கும் போய்ச் சேரும்.

இத்தகைய செய்தியைக் கேட்கும் ஆண்கள் பலருக்கு, ‘இவன் என்னையே விரும்புகிறானோ’ என்ற கலக்கம் வரும். அப்படி இல்லையென்றால் அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒருவேளை அவர் மீதே ஆசை இருக்குமானால், அது தணியும் வரை பேச்சைத் தள்ளிப் போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் அவர் மேல் இறக்கி வைப்பது அவருக்கும் பாரம். முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க விரும்பினால், மனக்கஷ்டத்தில் இருப்பவர்களுக்குச் செவிகொடுக்கும் ‘பெஃப்ரெண்டர்ஸ்’ அமைப்பின் தொண்டர்கள் தொலைபேசியில் இரகசியம் காத்துக் கேட்பார்கள். சொன்ன பிறகு நண்பர் சில நாள் ஒதுங்கினாலும் அதை வெறுப்பென்று முடிவு கட்டாமல், வழக்கம்போல் திடலுக்குப் போங்கள். அவராக வந்து கேட்கும்போது, அவர் கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.