ஒரு சொட்டு ரத்தத்தின் பின்னாலேயே போங்கள்

வாசகர் கேள்வி பதில்: இந்த முறை இதயம்

உடற்கூறியல் படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், பாதிக்கு மேல் இதயத்தைப் பற்றிய கேள்விகள்தான். ஒரே சந்தேகம் பலருக்கும் இருந்ததால் சில கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பாடப்புத்தகப் படத்தில் இதயத்தின் இடது அறை என் வலது கைப்பக்கம் இருக்கிறது. அச்சுப் பிழையா? (பள்ளி மாணவர்)

பதில்: பிழை இல்லை. படத்தில் இருப்பவர் உங்களுக்கு எதிரே, உங்களைப் பார்த்து நிற்கிறார், இடதும் வலதும் அவருடையது. உடற்கூறியலில் எல்லாவற்றையும் ஒரே நிலையை வைத்துத்தான் சொல்வார்கள்: நேராக நிற்க வேண்டும், முகம் முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்பக்கம் பார்க்க. ஆள் குப்புறப் படுத்திருந்தாலும் விவரிக்கும்போது இப்படி நிற்பதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தை உங்கள் மார்போடு சேர்த்து, படம் வெளியே பார்க்கும்படி ஒருமுறை பிடித்துப் பாருங்கள், குழப்பம் போய்விடும்.

கேள்வி: இதயம் உண்மையில் இடப்பக்கம்தானா?

பதில்: நடுவில். மார்பெலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கு இடையில், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், நுனி இடது கீழ்ப்புறமாக ஐந்தாவது விலா இடைவெளிக்கு அருகில் வரும், துடிப்பு நம் கைக்குத் தெரிவது அங்கேதான் என்பதால் இடப்பக்கம் என்றே பழகிவிட்டோம். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 250 முதல் 350 கிராம் எடை, மூடிய முஷ்டியளவு.

கேள்வி: ரத்தம் போகும் பாதையை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் தேர்வில் மாறிவிடுகிறது. அதிலும் தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம் என்று படித்துவிட்டு, நுரையீரல் தமனியில் மட்டும் தலைகீழாக இருந்தால் எப்படி நினைவில் வைப்பது? (நர்சிங் முதலாண்டு மாணவி)

பதில்: மனப்பாடம் செய்ததுதான் சிக்கல். நானும் மாணவனாக இருந்தபோது இதே கேள்வியில் திணறி நின்றிருக்கிறேன், அப்புறம் ஆசிரியர் ஒருவர் படத்தின் மேல் விரலை வைத்து, ஒரே ஒரு சொட்டு ரத்தத்தின் பின்னாலேயே போகச் சொன்னார். அதற்குப் பிறகு இன்றுவரை மறந்ததில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய் தமனி, இதயத்துக்குத் திரும்பி வரும் குழாய் சிரை. பெயருக்குக் காரணம் திசை மட்டும்தான், உள்ளே எந்த ரத்தம் ஓடுகிறது என்பதற்கும் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது. இதைப் பிடித்துக்கொண்டால் நுரையீரல் தமனி விதிவிலக்காகவே தெரியாது, அது இதயத்தை விட்டு வெளியே போகிறது, அதனால் தமனி. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'அசுத்த ரத்தம்' என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. உடல் ஓய்வாக இருக்கும்போது உடம்பெல்லாம் சுற்றிவிட்டு இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் கூட ஹீமோகுளோபினில் ஏறக்குறைய 75 சதவீதம் ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. அது அழுக்கும் இல்லை, படத்தில் வரைவதுபோல நீலமும் இல்லை. கருஞ்சிவப்பு, அவ்வளவுதான்.

சரி, இப்போது விரலை வையுங்கள். உங்கள் சொட்டு கால் பெருவிரலில் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறது. கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்கு வருகிறது (தலை, கைகளிலிருந்து வருவது என்றால் மேற்பெருஞ்சிரை வழியாக). மேலறையை ஏட்ரியம் என்றும் கீழறையை வெண்ட்ரிக்கிள் என்றும் உங்கள் புத்தகம் சொல்லும். அங்கிருந்து மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறை. அது சுருங்கும்போது பிறைச்சந்திர வால்வு ஒன்றைத் தள்ளிக்கொண்டு நுரையீரல் தமனி, நுரையீரல். அங்கே கார்பன் டை ஆக்சைடை விட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு நுரையீரல் சிரைகள் வழியாக இடது மேலறை, ஈரிதழ் வால்வு, இடது கீழறை, இன்னொரு பிறைச்சந்திர வால்வு, பெருந்தமனி, மறுபடியும் கால் பெருவிரல். ஒரு சுற்றில் அதே சொட்டு இதயத்துக்குள் இரண்டு முறை நுழைந்திருக்கிறது, கவனித்தீர்களா? அதாவது இதயம் என்பது ஒன்றாக ஒட்டி வைத்த இரண்டு பம்புகள், ஒன்று தள்ளியது இன்னொன்றுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

இங்கேதான் மாணவர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். இடது கீழறையின் சுவர் வலதைவிட மூன்று மடங்கு தடிப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று எழுதிவிடுகிறார்கள். அளவு இரண்டுக்கும் ஒன்றே, ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர். வித்தியாசம் அழுத்தத்தில். பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குத் தள்ள வலது கீழறைக்கு 25 மி.மீ. பாதரச அளவு போதும், தலையிலிருந்து கால்வரை அனுப்ப இடது கீழறைக்கு 120 வேண்டும். அளவு ஏன் சமமாக இருந்தே தீர வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வலப்பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே ஒரு மில்லிலிட்டர் கூடுதலாகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு மணி நேரத்தில் 4,200 மில்லிலிட்டர், உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான், கிட்டத்தட்ட எல்லாமே நுரையீரலில் தேங்கிவிடும்! அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது இதயத் தசையின் ஒரு குணம்: எவ்வளவு நிரம்பி விரிகிறதோ அவ்வளவு பலமாகச் சுருங்கும். அதிகம் வந்தால் அதிகம் தள்ளும், யாரும் சொல்லாமலேயே. ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதி என்று பின்னால் படிப்பீர்கள், அடிப்படை இதுதான்.

ரத்தம் சுற்றித்தான் வருகிறது என்று கண்டுபிடித்ததும் இந்த மாதிரிக் கணக்கால்தான். அதற்கு முன்னால் கல்லீரல் ரத்தத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது, உடல் அதைத் தீர்த்துவிடுகிறது என்பது பண்டைய கிரேக்க மருத்துவர் காலன் (Galen) காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி, இதயம் அரை மணி நேரத்தில் வெளியேற்றுவதைக் கணக்கிட்டு, இவ்வளவு ரத்தத்தை எந்த உடலாலும் புதிதாகச் செய்ய முடியாது, அதே ரத்தம்தான் திரும்பி வர வேண்டும் என்று 1628-இல் எழுதினார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. 1661-இல் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து அந்த வழியை, தந்துகிகள் என்ற மிக நுண்ணிய குழாய்களை, கண்டார், ஹார்வி இறந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கொஞ்சம் கனக்கும்.

கேள்வி: லப் டப் சத்தம் இதயம் சுருங்கும், விரியும் சத்தம்தானே? வால்வுகளைத் திறந்து மூடுவது எந்தத் தசை?

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். தசை சுருங்கும் சத்தம் இல்லை அது, வால்வுகள் மூடும்போது ஓடிய ரத்தம் சட்டென்று நின்று சுவர்களை அதிரவைக்கும் சத்தம். கீழறைகள் சுருங்கத் தொடங்கியதும் மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் மூடுகின்றன: லப். சுருங்கி முடிந்து தளரும்போது பிறைச்சந்திர வால்வுகள் இரண்டும் மூடுகின்றன: டப். ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் நண்பரை மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கச் சொல்லி, மார்பெலும்பின் இடது ஓரம் மேல்பகுதியில் வைத்துக் கேளுங்கள், டப் லேசாக இரண்டாகப் பிரிந்து கேட்கலாம். மூச்சை இழுக்கும்போது வலப்பக்கம் அதிக ரத்தம் வந்து, நுரையீரல் தமனியின் வால்வு சற்றுத் தாமதமாக மூடுவதால் வருவது அது.

வால்வுகளைத் திறக்கவும் மூடவும் எந்தத் தசையும் இல்லை. எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அந்தப் பக்கத்திலிருந்து ரத்தம் தள்ளும், அதுவே திறக்கும், அதுவே மூடும். அப்படியானால் கீழறைக்குள் வால்வு இதழ்களோடு நூல் போன்ற நாண்களால் கட்டியிருக்கும் தசைத்தூண்கள் எதற்கு என்று கேட்பீர்கள். பலத்த காற்றில் குடை மறுபக்கம் மடங்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கீழறை சுருங்கும் வேகத்தில் இதழ்கள் அப்படி மேலறைக்குள் மடங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை.

கேள்வி: மூளை கட்டளையிடுவதால்தான் இதயம் துடிக்கிறதா?

பதில்: இல்லை. நரம்புகள் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டாலும் இதயம் துடிக்கும், மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களின் மார்புக்குள் அதுதான் நடக்கிறது. வலது மேலறையின் மேல்பகுதியில் எஸ்.ஏ. கணு என்ற சின்னத் திசு இருக்கிறது, 1907-இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் விவரித்தது. அதன் செல்கள் தாமாகவே மின்தூண்டலை எழுப்பிக்கொண்டே இருக்கும். தூண்டல் முதலில் மேலறைகளில் பரவும், பிறகு மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் ஏ.வி. கணுவில் சுமார் 0.1 விநாடி காத்திருக்கும், அப்புறம்தான் கீழறைகளுக்கு இறங்கும். அந்தத் தாமதம் இல்லாவிட்டால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் சுருங்கி, கீழறை முழுதாக நிரம்பவே நிரம்பாது.

மூளைக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும். தன் போக்கில் விட்டால் எஸ்.ஏ. கணு நிமிடத்துக்கு நூறு தடவை போலத் தூண்டும். நமக்கு 70, 72 என்று இருப்பது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு ஓயாமல் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதால். அந்த நரம்பு எப்படிச் சொல்கிறது என்பதை 1921-இல் ஆட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞர் கண்டுபிடித்தார். கனவில் வந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டி அது மெதுவானதும், சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தின் மேல் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவானது! நரம்பு பேசுவது ஒரு வேதிப்பொருளால் என்று அப்போதுதான் தெரிந்தது, அது அசிட்டைல்கோலின்.

கேள்வி: மணிக்கட்டில் நாடி துடிப்பது, இதயம் அப்போது தள்ளிய ரத்தம் வந்து சேர்வதாலா?

பதில்: வந்து சேர்வது அழுத்த அலை. தமனிச் சுவர் வழியாக அது விநாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் ஓடிவிடும், ரத்தம் அதைவிடப் பல மடங்கு மெதுவாகப் பின்னால் வரும்.

கேள்வி: இதயத்துக்கு ஓய்வே இல்லையா? உள்ளேயே இவ்வளவு ரத்தம் இருக்கும்போது அதற்குத் தனியாக ரத்தக்குழாய் எதற்கு? (இருவர் கேட்டது)

பதில்: நல்ல கேள்விகள், இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அறைக்குள் இருக்கும் ரத்தம் உட்புற மெல்லிய அடுக்கைத் தாண்டித் தடித்த தசைக்குள் ஊறிப் போய்ச் சேராது. அதனால் பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே இரண்டு கொரோனரி தமனிகள் பிரிந்து இதயத்தின் வெளிப்பரப்பில் ஓடி, உள்ளே கிளை விடுகின்றன. ஆனால் இடது கீழறை சுருங்கும்போது அதன் தசையே அந்தக் கிளைகளை நெரித்துவிடும். ஆகவே இடது கீழறைத் தசைக்குப் பெரும்பாலும் ரத்தம் கிடைப்பது அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.8 விநாடி, அதில் கீழறை சுருங்குவது சுமார் 0.3, தளர்ந்திருப்பது 0.5. ஆக பாதிக்கு மேல் ஓய்வு, சாப்பாடும் அந்த ஓய்வில்தான். துடிப்பு வேகமாகும்போது சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும், வெட்டு விழுவது தளரும் நேரத்தில். வேலை கூடும்போது தனக்கான நேரம் குறைகிறது. ஆரோக்கியமான கொரோனரி தமனிகள் விரிந்துகொடுத்து இதைச் சமாளித்துவிடும், உள்ளே கொழுப்பு படிந்து குறுகிப்போன தமனியால் முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாத ஒருவருக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் நெஞ்சை அழுத்துவது இதனால்தான்.