மறு: ஹெர்ஷி–ராட்மன் கணக்கில் எனக்கு 12% தான் வருகிறது, புத்தகத்தில் 24%

ஹெர்ஷியும் ராட்மனும் பாக்டீரியாவைத் தாக்கும் டி2 வைரஸின் இரு திரிபுகளை (எச், ஆர்) ஒரே பாக்டீரியாவில் கலந்து, பிறந்தவற்றில் எத்தனை விழுக்காடு மறுசேர்க்கை (பெற்றோர் இருவரின் மரபணுக்களும் புதிதாய்ச் சேர்ந்தவை) என்று கணக்கிட்டார்கள். அதில் உங்களுக்கு 12% தான் வருகிறது என்கிறீர்கள். கணக்கு சரிதான், பாதியில் நிறுத்திவிட்டீர்கள். இரட்டைத் திரிபை (எச் ஆர்) மட்டும் மறுசேர்க்கை என்று எடுத்திருக்கிறீர்கள். இரண்டு திரிபும் இல்லாத காட்டுவகையும் மறுசேர்க்கையில் பிறந்ததுதானே! பெற்றோர் இருவரில் எவரும் அப்படி இல்லையே. உங்கள் அட்டவணையில் பெற்றோர் வகைகள் 34%, 42%; மறுசேர்க்கை வகைகள் 12%, 12%. கடைசி இரண்டையும் கூட்டுங்கள், 24 வந்துவிடும்.

பிளாக்கை (தட்டில் வளரும் பாக்டீரியாவை வைரஸ் கொன்ற இடத்தில் தெரியும் வட்டத்தை) பார்த்து எது எது என்று பிரிப்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். தட்டில் ஈ.கோலை பாக்டீரியாவின் பி, பி/2 என்ற இரு வகைகளும் கலந்து வளர்கின்றன. சாதாரண டி2 வைரஸால் பி/2-வைத் தொட முடியாது. அது பிழைத்துக்கொள்வதால் பிளாக் கலங்கலாகத் தெரியும். எச் திரிபு இரண்டையும் கொல்லும், பிளாக் தெளிவாக இருக்கும். ஆர் திரிபு என்றால் பிளாக் பெரியது, ஓரம் கூர்மை. ஆக, இரட்டைத் திரிபு பெரியது, தெளிவானது. காட்டுவகை சிறியது, கலங்கலானது.

வேறு ஆர் திரிபை எடுத்தால் 24% வராது, பயப்பட வேண்டாம். ஒன்றில் 2%-கூட எட்டவில்லை. அந்த ஆர் மரபணு எச்-சுக்கு மிக அருகில் இருக்கிறது, அதனால் இரண்டும் பிரிந்து மறுசேர்வது அரிது. வைரஸுக்கும் மரபணு வரைபடம் உண்டு என்பதற்கு இதுவே சான்றானது.

இன்னொன்று, 1946-இல் ஆய்வாளர்கள் டெல்புரூக்கும் பெய்லியும் இதேபோன்ற கலப்பைப் பார்த்துவிட்டு, தூண்டப்பட்ட திடீர்மாற்றமோ என்றுதான் முதலில் எண்ணினார்கள். நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை.