சினைப் பன்றிக்கு எந்தச் சத்து, எப்போது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த டானிக் கொடுக்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. டானிக்கைப் பற்றியும் பேசுவோம். ஆனால் தொட்டியில் விழும் தீவனத்தையும் குழாயில் வரும் தண்ணீரையும் ஒதுக்கி வைத்துவிட்டு அதைப் பேச முடியாது.

கேள்வி: சினைக்காலம் முழுக்கத் தாய்க்கு இரும்புச்சத்து டானிக் கொடுத்தேன். ஆனாலும் பத்தாம் நாளிலேயே குட்டிகள் வெளுத்துப்போய்ச் சோர்ந்து நிற்கின்றன. டானிக் தரமில்லையா?

டானிக்கின் மேல் தப்பில்லை. தாய்க்கு எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் குட்டிக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு. பிறக்கும்போது குட்டியின் உடம்பில் சுமார் 50 மில்லிகிராம் இரும்பு இருக்கும். வளரும் வேகத்துக்கு ஒரு நாளைக்கு 7 மில்லிகிராமாவது வேண்டும். பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம் அளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், கையிருப்பு ஒரு வாரம், பத்து நாளைக்கு மேல் தாங்காது.

அதனால் இரும்பைக் குட்டிக்கே நேரடியாகக் கொடுக்க வேண்டும். பிறந்த 3ஆம் நாள் வாக்கில், காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில், 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி. மருந்து பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராமும் உண்டு, 200 மில்லிகிராமும் உண்டு; லேபிளைப் படிக்காமல் சிரிஞ்சை நிரப்பாதீர்கள். தொடையில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நரம்பில் பட்டால் கால் இழுக்கும், இறைச்சியிலும் கறை படியும்.

இப்போது உங்களிடம் இருக்கும் குட்டிகளில் ஒன்றைத் தூக்கி, காதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டிய இடம் மெழுகு மாதிரி இருந்தால், விலாப்பக்கம் வெட்டி வெட்டி மூச்சு வாங்கினால், அது ரத்தசோகை முற்றிய குட்டி. அதைத் துரத்திப் பிடித்தாலே செத்துப்போகலாம். மெதுவாகக் கையாளுங்கள், இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரும்பு ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஒரே ஈற்றில் மூன்று குட்டிகள் செத்தன. ஊசியே வேண்டாமா?

ஊசி வேண்டும். ஆனால் ஒரே ஈற்றில் இப்படி நடந்தால், தாய்க்கு வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் போதாமல் இருந்ததா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அந்தக் குறையோடு பிறந்த குட்டிக்கு இரும்பே விஷமாகிவிடும். செத்த குட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினால் உறுதியாகத் தெரியும்.

இங்கேதான் தாய்க்குக் கொடுக்கும் சத்து உண்மையிலேயே வேலை செய்கிறது. வைட்டமின் ஈ நஞ்சுக்கொடி வழியாக அதிகம் போகாவிட்டாலும் சீம்பாலில் நன்றாக இறங்கும். சினைத் தீவனத்தில் கிலோவுக்கு 44 யூனிட் வைட்டமின் ஈ இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஈரத்தோடு நீண்ட நாள் மூட்டையில் கிடந்த தானியத்தில் இந்த வைட்டமின் பெரும்பாலும் அழிந்திருக்கும். செலினியத்தில் மட்டும் கை தாராளம் கூடவே கூடாது. கிலோ தீவனத்துக்கு 0.15 முதல் 0.3 மில்லிகிராம் போதும். 5 மில்லிகிராமைத் தாண்டினால் முடி கொட்டி, குளம்பு கழன்று விழும். செலினியம் உள்ள இரண்டு கலவைகளைச் சேர்த்துப் போடுபவர்கள் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: சினையாக இருக்கும்போது வயிறு நிறையக் கொடுத்தால் குட்டிகள் பெரிதாகப் பிறக்குமா?

தாய்தான் பெரிதாகும். சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள், அதாவது சுமார் 114 நாள். குட்டி எடை போடுவதில் பெரும்பங்கு கடைசி மாதத்தில் நடக்கிறது. அதற்கு முன் கூட்டிக் கொடுப்பதெல்லாம் தாயின் முதுகில் கொழுப்பாகத்தான் சேரும். கொழுத்த தாய் ஈனுவதற்குத் திணறும், படுக்கும்போது குட்டியை நசுக்கும். எல்லாவற்றையும்விடக் கெடுதல், பால் கொடுக்கும் காலத்தில் தீவனத்தைச் சரியாகத் தின்னாது.

உள்ளங்கையை இடுப்பெலும்பின் மேல் வைத்துப் பாருங்கள். அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். அழுத்தாமலே தட்டுப்பட்டால் மெலிவு, அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு. நடுத்தர உடம்புக்கு நாளைக்கு 2 முதல் 2.5 கிலோ சரிவிகிதத் தீவனம் போதும். மெலிந்த தாய்க்கும் முதல் ஈற்றுப் பன்றிக்கும் 90ஆம் நாளுக்குப் பிறகு அரைக் கிலோ கூட்டலாம். ஈன்ற பிறகு நிலைமை அப்படியே தலைகீழ். தாய்க்கு 2 கிலோ, அதோடு குட்டிக்கு அரைக் கிலோ வீதம் என்று சில நாட்களில் படிப்படியாக ஏற்றுங்கள். பத்துக் குட்டி என்றால் 7 கிலோ ஆகிறது. பயப்படாதீர்கள், அதற்கு அவ்வளவும் வேண்டும்.

கேள்வி: ஈனும் நேரம் நீண்டுபோய்க் கடைசிக் குட்டிகள் செத்தே பிறக்கின்றன. கால்சியம் குறைவா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது, சாணம் எப்படி இருக்கிறது என்று. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாகக் கெட்டியாக இருந்தால் மலச்சிக்கல். அடைத்த குடல் பிறப்புப் பாதையை நெருக்கும். கடைசி வாரத்தில் கோதுமைத் தவிடு மாதிரி நார்ச்சத்தைக் கூட்டுங்கள்.

அப்புறம் தண்ணீர். நிப்பிள் குழாயின் கீழே ஒரு அளவுக் குவளையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 லிட்டர் நிரம்ப வேண்டும். நான் போன ஒரு பண்ணையில் அரை லிட்டர்கூட நிரம்பவில்லை. அங்கே விலையுயர்ந்த சத்து மாவு மூன்று வகை அலமாரியில் இருந்தது, குழாயின் சல்லடையில் பாசி அடைத்திருந்தது. பால் கொடுக்கும் தாய் நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

ஈனுவதும் கடினமான உழைப்புதான். வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் போராடினால் தாய் களைத்துவிடும். கடைசி நாட்களில் ஒரே வேளையாகக் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: குட்டிகளைப் பிரித்த சில நாளில் தாய் பின்னங்கால் ஊன்ற முடியாமல் படுத்துவிட்டது. பாலில் கால்சியம் எல்லாம் போய்விட்டதா?

ஆமாம், அப்படித்தான் தெரிகிறது. தீவனத்தில் போதாததைத் தாய் தன் எலும்பிலிருந்து எடுத்துப் பாலில் கொடுத்திருக்கும். சில நேரம் எலும்பே முறிந்திருக்கும், அதனால் மருத்துவர் பார்க்காமல் தூக்கி நிறுத்த முயல வேண்டாம். அடுத்த ஈற்றுக்கு வெறும் சுண்ணாம்புத்தூள் போதாது, பாஸ்பரஸும் சேர வேண்டும். டைகால்சியம் பாஸ்பேட்டில் இரண்டும் உண்டு. தவிட்டிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதியைப் பன்றியால் பிரித்தெடுக்க முடியாது. ஃபைட்டேஸ் என்சைம் சேர்த்தால் அதில் ஒரு பகுதி கிடைக்கும். கால்சியத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் துத்தநாகம் சேராமல் தோல் பொருக்குத் தட்டிவிடும்.

கேள்வி: கோழிக்கு வாங்கிய வைட்டமின் கலவை மீதம் இருக்கிறது. சினைப் பன்றிக்குப் போடலாமா?

வேண்டாம். சினைக்குத் தேவையான ஃபோலிக் அமிலம், பயோட்டின், கோலின் அளவுகளை அதில் எதிர்பார்க்க முடியாது. சினைப் பன்றிக்கென்றே உள்ள கலவையை வாங்குங்கள்.

கேள்வி: மக்காச்சோளத்தில் லேசாகப் பூஞ்சை. நச்சு முறிப்பான் தூள் சேர்த்துக் கொடுத்தால் போதாதா?

சினைப் பன்றிக்குக் கூடாது. களிமண் வகைத் தூள்கள் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இனப்பெருக்கத்தைக் கெடுக்கும் ஜீரலெனோன் என்ற இன்னொரு பூஞ்சை நச்சை அவ்வளவாகப் பிடிக்காது. பிறப்புறுப்பு காரணமில்லாமல் சிவந்து வீங்கினால் சோளத்தைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பிறந்த குட்டிக்கு வாயில் ஊற்றும் சக்தி மருந்து அவசியமா?

சீம்பால் குடித்த குட்டிக்குத் தேவையில்லை. பன்றிக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே பிறக்கிறது. அது சீம்பாலில்தான் வர வேண்டும், குடல் அதை உறிஞ்சுவதும் முதல் ஒரு நாள் மட்டும்தான். அந்த 24 மணி நேரத்தில் குட்டிக்கு 200 முதல் 250 கிராம் சீம்பால் போக வேண்டும். குட்டிகள் அதிகமானால், முதலில் பிறந்து வயிறு நிறைந்தவற்றை ஒன்றரை மணி நேரம் சூடான பெட்டியில் போட்டுவிட்டு, சிறியவற்றை மடியில் விடுங்கள். வைக்கும் இடத்தில் 32 முதல் 34 டிகிரி வெப்பம் இருக்கட்டும். நடுங்கும் குட்டி பால் தேடிப் போகாது. அதைத் துடைத்து, சூடேற்றி, காம்பை நீங்களே அதன் வாயில் வைத்துவிடுங்கள்.