நிம்மதி தரும் அலர்ஜி மாத்திரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஒற்றைத் தலைவலி பற்றிய ஒரு குறிப்பில், சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மாத்திரையைச் சில காலம் சாப்பிட்டதாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு வேலையில் கடும் நெருக்கடி. ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடக்கும், மனசு எதையாவது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். எப்போதோ தோல் அரிப்புக்கு டாக்டர் எழுதித் தந்த இந்த மாத்திரை வீட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒருநாள் அரை மாத்திரை போட்டேன். அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். மறுநாள் முழுக்க ஓர் அமைதி. மேலதிகாரி கத்தினார், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். செரடோனின்தான் உண்மையான மன அழுத்த ஹார்மோன், அதை மகிழ்ச்சி ஹார்மோன் என்பது மருந்து கம்பெனிகள் கட்டிய கதை, இந்த மாத்திரை அதைத் தடுப்பதால்தான் நிம்மதி கிடைக்கிறது என்கிறார்கள். இப்போது தினமும் இரவு 4 மில்லிகிராம் எடுக்கிறேன். பசி அதிகம், எடை ஏறிவிட்டது. ஆரம்பத்தில் இருந்த அமைதி இப்போது அந்த அளவுக்கு இல்லை. அளவைக் கூட்டலாமா என்று யோசனை. எஸ்சிட்டலோப்ராமும் சாப்பிட்டு வருகிறேன், அது இருக்கட்டும். என் கேள்வி இதுதான்: எனக்குக் கிடைத்த நிம்மதி நிஜமா, வெறும் தூக்கக் கலக்கமா? உங்களுக்கு எப்படி இருந்தது?

பி.கு: அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருக்கும் தூக்கம் இல்லை. அரை மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் "அது இருக்கட்டும்" என்று தாண்டிப்போன இடத்தில்தான் நான் நிற்க வேண்டியிருக்கிறது. மற்றதை அப்புறம் பேசுவோம்.

எஸ்சிட்டலோப்ராம், நரம்பு செல்கள் வெளிவிட்ட செரடோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கிற மருந்து. அதனால் செல்களுக்கு இடையே செரடோனின் கூடுதலாகத் தங்குகிறது. சைப்ரோஹெப்டடின் செய்வது வேறு. செரடோனின் வந்து உட்கார வேண்டிய ஏற்பிகளில் சில வகைகளில் இது முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது. ஆக, காலையில் ஒரு மருந்தால் செரடோனினுக்கு ஆள் சேர்க்கிறீர்கள், இரவில் இன்னொரு மருந்தால் கதவைச் சாத்துகிறீர்கள். இது ஏட்டளவிலான கவலை இல்லை. இதே குடும்பத்து மனச்சோர்வு மருந்துகளால் தேறிவந்தவர்களுக்கு சைப்ரோஹெப்டடின் சேர்த்ததும் மனச்சோர்வு திரும்பியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அந்த மருந்துகளால் வரும் பாலுறவுச் சிக்கலுக்கு மருத்துவர்களே இதைச் சிறு அளவில் சேர்ப்பதும் உண்டு. ஆனால் அது தெரிந்து செய்வது, பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டே செய்வது. உங்கள் டாக்டருக்கு இந்த இரவு மாத்திரை பற்றித் தெரியாது என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. முன்பிருந்த அமைதி இப்போது இல்லை என்கிறீர்கள். அது மாத்திரை பழகிப்போனதாலா, அல்லது உங்களைத் தாங்கிக்கொண்டிருந்த இன்னொரு மருந்தின் பிடி தளர்ந்ததாலா? வெளியிலிருந்து என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது. அளவைக் கூட்டவே கூடாது என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த சூட்டில் எஸ்சிட்டலோப்ராமை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு எல்லாம் வரலாம்.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். எனக்கு இதை எழுதித் தந்தவர் நரம்பியல் மருத்துவர், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க. குழந்தைகளுக்கு இந்தக் காரணத்துக்காக இதைக் கொடுப்பது பழைய வழக்கம், பெரியவர்களுக்குக் குறைவு. மன அழுத்தம் என்ற பேச்சே அப்போது எழவில்லை. ஆனால் முதல் வாரம் நீங்கள் சொன்ன அதே அமைதி எனக்கும் வந்தது. அந்த நாட்களில் ஒரு பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்து, என் புத்தகத்தைத் தள்ளிவைத்திருப்பதாகச் சொன்னார். வழக்கமாக நான் அரை மணி நேரமாவது வாதாடுவேன், பிறகு மனசுக்குள் ஒரு வாரமாவது சண்டை நடக்கும். அன்றைக்கோ "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன பக்குவம் என்று எனக்கே ஆச்சரியம். மாலையில்தான் உறைத்தது, எதுவரைக்கும் தள்ளிவைக்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவில்லை.

அதே வாரம் எழுதிய கட்டுரையைத் திருத்த எடுத்தேன். ஒரு பத்தியில் ஒரே வாக்கியம் இரண்டு இடத்தில் இருந்தது, சொல் மாறாமல். நாக்கு எப்போதும் வறண்டிருக்கும். காலையில் எழுந்து பத்து மணி வரைக்கும் கண்ணுக்குப் பின்னால் ஒரு கனம். சாப்பிட்டு எழுந்த கையோடு சமையலறையில் போய் எதையாவது திறந்து பார்ப்பேன். அந்த மயக்கம் சீக்கிரமே பழகிவிட்டது, கூடவே அமைதியும் போய்விட்டது. பசி மட்டும் தங்கிவிட்டது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: நிம்மதி நிஜம்தான். அதற்கு உங்களுக்குக் கிடைத்திருக்கும் விளக்கம்தான் சந்தேகத்துக்குரியது.

இந்த மாத்திரை ஒரு வேலை மட்டும் செய்வதில்லை. அடிப்படையில் இது பழைய தலைமுறை அலர்ஜி மருந்து. 1961இல் அமெரிக்காவில் பெரியாக்டின் என்ற பெயரில் அனுமதி பெற்றது. மூளைக்குள் புகுந்து ஹிஸ்டமினை அடக்கும். நம்மை விழிப்போடு வைத்திருக்கும் ரசாயனங்களில் ஹிஸ்டமினும் ஒன்று என்பதால் தூக்கம் வரும். அசிட்டைல்கோலின் என்ற நரம்பு ரசாயனத்தையும் அடக்கும், வாய் வறட்சியும் மந்தமும் அந்த வழியாக வருபவை. மூன்றாவதாகத்தான் செரடோனின். அரை மாத்திரையில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியவருக்கு மறுநாள் மனசு லேசாக இருந்தால், அதற்குக் காரணம் செரடோனின் தடுப்பு என்று எப்படித் துணிவது? பல ராத்திரி தூங்காதவன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தாலே உலகம் வேறு மாதிரி தெரியும். அதே அலர்ஜி மருந்துக் கூட்டத்தில், செரடோனினோடு பெரிய சம்பந்தம் இல்லாத ஹைட்ராக்ஸிசின் 1950களிலிருந்தே பதற்றத்துக்குப் பயன்படுகிறது.

அலர்ஜி மருந்துக்கும் மனசுக்கும் என்ன உறவு என்று வியக்கவும் வேண்டாம். நவீன மனநல மருந்துகளில் பாதிக்கு மேல் இந்த வீட்டில் பிறந்தவையோ என்று தோன்றும். மனச்சிதைவுக்கு முதலில் வந்த குளோர்ப்ரோமசின், 1950இல் பிரான்சில், அலர்ஜி மருந்தான ப்ரோமெதசினின் வழியில் உருவாக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், செரடோனினைத் தங்கவைக்கும் ஃப்ளூவாக்ஸிட்டின்கூட டைஃபென்ஹைட்ரமின் என்ற அலர்ஜி மருந்தின் அமைப்பிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில்தான் கிடைத்தது. ஃப்ளூவாக்ஸிட்டினும் உங்கள் இரவு மாத்திரையும் எதிரெதிர் முகாமில் நிற்கின்றன, பூர்வீகம் கிட்டத்தட்ட ஒன்று.

இனி அந்த விளக்கம். செரடோனினை வில்லனாகப் பார்க்கும் இந்தப் பார்வை பெரும்பாலும், ஹார்மோன்கள் பற்றியும் உணவு பற்றியும் எழுதிவந்த அமெரிக்கரான ரே பீட் வழியாகப் பரவியது. அவர் 2022இல் இறந்தார், வாசகர் வட்டம் இன்னும் பெரிதாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். செரடோனின் மூளையின் தூண்டலைக் கூட்டி, பிட்யூட்டரி வழியாக அட்ரினல் சுரப்பியிடம் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை வாங்கவைக்கும் என்பது உண்மை. அந்த யோசனையில்தான் 1975இல் டொரோத்தி க்ரீகரும் சக மருத்துவர்களும், கார்டிசால் கட்டுமீறிச் சுரக்கும் குஷிங் நோய்க்கு இதே சைப்ரோஹெப்டடினைக் கொடுத்தார்கள். சிலருக்கு நோய் தணிந்தது. பெரிய பரபரப்பு. ஆனால் பிறகு பார்த்தால் பலரிடம் பலிக்கவில்லை, பலித்தவர்களிடமும் மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. இன்று குஷிங் நோய்க்கு இது முக்கிய மருந்து இல்லை. கார்டிசால் கொட்டுகிற நோயிலேயே இவ்வளவுதான் என்றால், மேலதிகாரியால் வரும் கார்டிசாலுக்கு இதை நம்பலாமா?

செரடோனின் என்றால் மகிழ்ச்சி என்று பள்ளிப் பாடம் போலச் சொல்வதும் இதே மாதிரி அரைகுறைதான். உடம்பிலிருக்கும் செரடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் இருக்கிறது, அங்கே அது மகிழ்ச்சியை உண்டாக்கிக்கொண்டிருக்கவில்லை, குடலை அசைக்கிறது. மனச்சோர்வு என்பது செரடோனின் குறைவு என்ற பழைய வாய்ப்பாட்டுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜோவன்னா மான்க்ரீஃபின் குழு எழுதியபோது பெரிய சண்டையே நடந்தது. செரடோனினுக்கு ஏற்பிகளே 14 வகை. ஒன்றை அடைத்தால் தூக்கம் ஆழமாகும், இன்னொன்றை அடைத்தால் பசி எடுக்கும், வேறொன்றை அடைத்தால் வாந்தி நிற்கும். மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மருந்து, உங்கள் மாத்திரையைப் போலவே சில செரடோனின் ஏற்பிகளையும் ஹிஸ்டமினையும் அடைக்கிறது. அதைச் சாப்பிடுபவர்களும் நன்றாகத் தூங்குகிறார்கள், எடை போடுகிறார்கள். செரடோனின் நல்லவனா கெட்டவனா என்று கட்சி பிரிந்து நிற்பவர்கள் இந்த மருந்தை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள் என்று எனக்கு ஒரு குறும்பான ஆவல் உண்டு.

சைப்ரோஹெப்டடினின் செரடோனின் தடுப்பு வெளிப்படையாகப் பயன்படுகிற இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. மருந்துகள் மோதி செரடோனின் அளவுக்கு மீறிப்போனால் உடம்பு கொதிக்கும், தசை விறைத்துத் துடிக்கும், புத்தி தடுமாறும். அப்போது சைப்ரோஹெப்டடினை வாய் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ கொடுப்பார்கள், வழக்கமாக முதல் அளவே 12 மில்லிகிராம். அங்கேகூட முதல் வேலை, காரணமான மருந்தை நிறுத்துவதும் உடம்பைத் தணிப்பதும்தான். இந்த மாத்திரை துணைக்குத்தான் வருகிறது.

எடை விஷயத்தில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1962லேயே, ஆஸ்துமாவுக்காக இதைச் சாப்பிட்ட குழந்தைகள் நிறையச் சாப்பிட்டு எடை போட்டதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். அதிலிருந்து பசிக்கு என்று இதைக் குடிக்கவைக்கிற வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியது. உடம்பு வளைவுக்காக அபெட்டமின் என்ற சிரப்பைக் குடிக்கும் பெண்களைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம், அதில் இருப்பதும் இதுதான். செரடோனினைக் கூட்டிய ஃபென்ஃப்ளூரமின் என்ற எடைக்குறைப்பு மாத்திரை பசியைக் கொன்றது, இதய வால்வைக் கெடுத்ததால் 1997இல் சந்தையை விட்டுப் போனது. உங்கள் மாத்திரை அதற்கு நேர் எதிர்த் திசை. அதனால் உங்கள் பசி மன அழுத்தம் நீங்கியதன் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்தின் நேரடி வேலை அது.

எனக்கு நெருடுவது உங்கள் மேலதிகாரி கத்திய அந்தக் காட்சிதான். அவர் கத்தினார், உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் அப்படி இருந்தால் அது ஓய்வு. தினமும் அப்படி இருந்தால், எதிர்த்துப் பேச வேண்டிய இடத்தில், வேலையை மாற்ற யோசிக்க வேண்டிய இடத்தில், உங்களுக்குக் கேட்கத் தோன்றாமல் போய்விடும். எனக்கு "எதுவரைக்கும்" என்று கேட்கத் தோன்றாததுபோல. படபடப்பு தொந்தரவுதான், ஆனால் உங்கள் நெருக்கடி என்ன என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, மாத்திரை பற்றி ஒரு பக்கம் இருக்கிறது.

எஸ்சிட்டலோப்ராம் எழுதித் தந்தவரிடமே போங்கள். இரவு மாத்திரையின் பெயரையும் அளவையும், எத்தனை மாதமாக எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று யோசிக்க வேண்டாம், அவர் இதைவிட விநோதமானவற்றைக் கேட்டிருப்பார். தூக்கம் வரவில்லை என்பதைத் தனிப் புகாராக வையுங்கள். தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாமல், நடத்தைப் பயிற்சி வழியாகச் செய்யும் சிகிச்சை இருக்கிறது, அதைத்தான் இன்று முதலில் பரிந்துரைக்கிறார்கள். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் இருந்தால் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. அவரைப் பார்க்கும் வரை மதுவோடு இதைச் சேர்க்காதீர்கள், காலையில் மந்தமாக இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு வேண்டாம், அரை மாத்திரையும் வேண்டாம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை என்று வெளியிடும் பீர்ஸ் பட்டியலில் சைப்ரோஹெப்டடின் பெயரோடு இருக்கிறது. அந்த வயதில் இது புத்தித் தடுமாற்றத்தையும் மலச்சிக்கலையும் தரும், இருட்டில் எழுந்து நடக்கையில் விழவைக்கும். ராத்திரி எத்தனை முறை சிறுநீருக்காக எழுகிறார் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அடிக்கடி என்றால், தூக்கம் கெடுவது ப்ராஸ்டேட் வீக்கத்தால் இருக்கலாம். அந்த வீக்கம் உள்ளவருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரியில் குழாய் போட வேண்டியதாகிவிடலாம். அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அன்புடன்.