சங்கங்களும் கருவூலமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் சிறிய பின்னலாடை நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறேன். அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் போராட்டத்தை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னிடம் பல ஆண்டுகள் தைத்து ஓய்வு பெற்றவருக்கு வருங்கால வைப்புநிதி ஓய்வூதியமாக மாதம் இரண்டாயிரம் ரூபாய்கூட வருவதில்லை. கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அவரும் வரி கட்டுகிறார். அந்தப் பணத்தை ஒரு சிறு கூட்டம் சங்க பலத்தால் எடுத்துக்கொள்வது நியாயமா? தேர்தல் நெருங்கினால் எந்தக் கட்சியும் அவர்களை எதிர்த்துப் பேசுவதில்லையே?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

உங்கள் தையல்காரரின் நிலையை நினைத்தால் எனக்கும் மனம் ஆறவில்லை. அந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பத்தாண்டுகள் கடந்தும் அது உயரவில்லை. உங்கள் கோபத்தின் பாதியை நான் மறுக்கப் போவதில்லை. தமிழக அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது. கடனுக்கான வட்டியையும் கழித்தால் பள்ளிக்கும் பாசனத்துக்கும் மிஞ்சுவது குறைவு.

சங்கங்களின் அரசியல் பலமும் உண்மைதான். 2003 ஜூலையில் சலுகைக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றமும் அந்த ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆனால் 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. தமிழகத்தில் ஓர் இடத்தைக்கூடப் பெறாமல் தோற்றதும், கடும் நடவடிக்கைகள் பலவற்றை அதே அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை எந்தக் கட்சியும் இன்றுவரை மறக்கவில்லை.

இதற்கு மேல் நான் உங்களிடமிருந்து வேறுபடுகிறேன். என் அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து 1994இல் ஓய்வு பெற்றவர். அவர் மறைந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மாதப் பிறப்பில் வங்கிப் புத்தகத்தில் வரவு பதிந்துவந்து, மருந்துக் கடைக்கு இவ்வளவு, பால்காரருக்கு இவ்வளவு என்று தனித்தனி உறைகளில் போட்டு வைப்பார். அதே பள்ளியில் 2005இல் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்தார். 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் அவரிடம் பிடித்த பத்து சதவீதமும், அரசின் பங்கும், வட்டியும் ஒரே தவணையாக, அதுவும் பல மாதங்கள் அலைந்த பிறகு, அவர் மனைவியின் கைக்கு வந்தன. மகளின் படிப்புக் கடனை அடைத்ததும் அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. மாதாமாதம் வருவது எதுவும் இல்லை. பெயரில் ஓய்வூதியம் என்று இருந்தும் ஓய்வூதியமே தராத ஒரு திட்டத்தை எதிர்த்துத்தான் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் இருபது ஆண்டுகளாகத் தெருவில் நின்றார்கள்.

கருவூலத்தின் சிக்கலுக்கு வேறொரு வேரும் உண்டு. 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களுக்கான பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கென்று எந்த அரசும் தனி நிதி சேர்த்து வைக்கவில்லை. அந்தந்த ஆண்டின் வரியிலிருந்தே அந்தந்த ஆண்டின் ஓய்வூதியத்தைக் கொடுத்தார்கள். நாளைய செலவை நாளை வருபவர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற இந்தப் பழக்கம் சங்கங்கள் கேட்டு வந்ததன்று. ஓய்வு பெறும் வயது 2020 மே மாதம் 58இலிருந்து 59ஆகவும், 2021 பிப்ரவரியில் 60ஆகவும் உயர்ந்தபோது என்ன நடந்தது? அந்த ஆண்டுகளில் கொடுக்க வேண்டியிருந்த பணிக்கொடையும் பிற ஓய்வுக்காலப் பலன்களும் தள்ளிப்போயின. வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களின் இடங்களும் அவற்றோடு தள்ளிப்போயின. பழைய திட்டத்துக்கே திரும்புவது ஆட்சியாளர்களுக்கு ஏன் இனிக்கிறது என்பதும் இதனால் விளங்கும்: புதிய ஊழியருக்காக இன்று போட வேண்டிய பங்கு உடனே மிச்சமாகும், செலவோ அவர் ஓய்வு பெறும் நாளில்தான் வந்து நிற்கும்.

சங்கங்கள் மீது எனக்கு இருக்கும் குறை வேறு. 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களின் பணி நிரந்தரக் கோரிக்கை சங்கங்களின் கூட்டமைப்பு வைக்கும் பட்டியலில் ஆண்டுதோறும் இடம்பெறும். பேச்சுவார்த்தை முடியும்போது நிரந்தர ஊழியர்களின் அகவிலைப்படி முன்னே வந்து, இது பின்னே போய்விடும். ஒரே பள்ளியில் ஒரே மணியடித்து வேலை செய்பவர்களுக்குள் இப்படி ஒரு சுவர் எழும்பியதில் அரசுக்கு இருக்கும் அதே பொறுப்பு அதைச் சகித்துக்கொண்ட சங்கங்களுக்கும் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

2026 ஜனவரியில், தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, கடைசி மாத ஊதியத்தில் பாதியை உறுதியளிக்கும் புதிய திட்டத்தை மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஊழியர் பத்து சதவீதம் செலுத்துவது அதில் தொடர்கிறது. அந்தப் பாதிக்குக் குறைவதை அரசு ஈடுசெய்ய வேண்டும். இதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த நிதி அன்றாடச் செலவுக்கு எடுக்க முடியாதபடி தனியே இருக்க வேண்டும் என்றும், அடுத்த முப்பது ஆண்டுகளில் என்ன செலவாகும் என்ற கணக்கை ஆண்டுதோறும் பேரவையில் வைக்க வேண்டும் என்றும் முதலில் கேட்க வேண்டியவை சங்கங்கள்தான். அந்தக் கணக்கு வெளியே வந்தால்தான் உங்கள் தையல்காரர் கட்டும் வரியில் எவ்வளவு எங்கே போகிறது என்பதை நீங்களும் நானும் ஒரே தாளை வைத்துக்கொண்டு பேச முடியும்.